கூண்டு எண்ணும் கவலை மார்க்கும்

கடலூரில் வளர்ந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செய்தி கேட்கும்போது காது தானாகத் துறைமுகத்தின் பெயரைத் தேடும். "கடலூர், புதுச்சேரி, நாகப்பட்டினம் துறைமுகங்களில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்றால் வீட்டில் யாரும் அசைய மாட்டார்கள். 3 என்றால் மொட்டை மாடித் துணி கீழே வரும். 5-க்கு மேல் போனால் மெழுகுவத்தி வாங்கக் கடைக்கு ஆள் ஓடும்.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. 1 முதல் 11 வரை வரிசையாக இருப்பதால், 6 என்பது 5-ஐவிட ஒரு படி மோசம் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலுக்கானவை. 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம், புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதுதான். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயே, அல்லது வெகு அருகில். 8, 9, 10 ஆகியவை இதே மூன்று சேதிகள், கடும் புயலுக்கு. 11 இன்னும் வேடிக்கை: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய், நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரி தானே முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். அது சேதி சொல்லும் எண். படி போட்டு அளந்த எண் இல்லை.

கவலையை அளக்கும் வினாத்தாள்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கூண்டுதான். காரணம், என் அத்தை.

அத்தைக்கு வயது அறுபதுக்கு மேல். கடலூர்க் கடலோரக் குப்பம் ஒன்றில் வீடு. மகன் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். சில மாதங்களாக நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள், இதயத்தில் கோளாறு இல்லை என்றார்கள். கடைசியில் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்கள். நானும் அவருடைய மருமகளும் கூடப் போனோம். டாக்டரைப் பார்க்கும் முன்பு, ஒரு பயிற்சி மாணவி வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஒரு தாளை வைத்துக்கொண்டு ஏழு கேள்விகள் கேட்டார்.

அந்தத் தாள் ஜி.ஏ.டி.-7. உலகம் முழுக்க இன்று அதிகம் புழங்கும் பதட்ட வினாத்தாள்களில் ஒன்று. 2006-இல் ராபர்ட் ஸ்பிட்சரும் அவரது கூட்டாளிகளும் வெளியிட்டது. கடந்த 2 வாரங்களில் படபடப்பாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா, பல விஷயங்களைப் பற்றி மிதமிஞ்சிக் கவலைப்பட்டீர்களா, உடம்பையும் மனதையும் தளர்த்திக்கொள்ள முடியவில்லையா, ஒரு இடத்தில் உட்கார முடியாத அளவுக்குத் தவிப்பா, சட்டென்று எரிச்சல் வந்ததா, ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்ற பயம் இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்: இல்லவே இல்லை, பல நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், கிட்டத்தட்ட தினமும். மார்க் 0, 1, 2, 3. மொத்தம் 21. 5 வந்தால் லேசு, 10 மிதம், 15-உம் அதற்கு மேலும் தீவிரம்.

மாணவி முதல் கேள்வியைப் படித்ததும் அத்தை கேட்டார்: "ரெண்டு வாரம்னா? அமாவாசைக்கு அப்புறமா கண்ணு?"

மாணவி விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, அமாவாசையிலேர்ந்து வச்சுக்கோங்க" என்றார். கெட்டிக்காரப் பெண். "கடந்த 2 வாரங்கள்" என்பது காலண்டர் பார்த்து வாழ்கிறவர்களின் அளவு. அதை அத்தையின் நாள்கணக்குக்கு மாற்றிக் கொடுத்ததால்தான் அடுத்து வந்த பதில்களுக்கு ஏதாவது பொருள் இருந்தது.

இரண்டாவது சிக்கல் பெரியது. "பல நாட்கள்னா நெறைய நாளுதானே?" என்றார் அத்தை. "அப்ப அதையே போடு." மூன்று கேள்விகளுக்கு அப்படியே "பல நாட்கள்" விழுந்தது. ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லுக்குச் சிலபல நாட்கள், அதாவது பாதிக்கும் குறைவான நாட்கள் என்பதுதான் பொருள். தமிழில் "பல" என்றால் நிறைய. காதால் கேட்கும் ஒருவருக்கு "பல நாட்கள்" என்பது "பாதிக்கு மேற்பட்ட நாட்கள்" என்பதைவிடக் கூடுதலாகவே ஒலிக்கும். இரண்டாவது படியும் மூன்றாவது படியும் இடம் மாறிவிட்டன. அத்தை ஏறிய படி ஒன்று, தாளில் விழுந்த படி ஒன்று.

எரிச்சல் பற்றிய கேள்வி வந்தபோது மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "நானா? நான் யாருகிட்டயும் எரிஞ்சு விழறதே இல்ல" என்றார் அத்தை. மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 0.

மொத்தம் 9. ஒரு மார்க் போதாமல் 10-க்குக் கீழே நின்றார். அந்த மூன்று "பல நாட்களும்" அவர் நினைத்த அர்த்தத்தில் பதிவாகியிருந்தால் 12. எரிச்சலை நான் சேர்க்கவே இல்லை.

இதைக் கேட்டதும் இந்த வினாத்தாள்களே பொய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எனக்கு அந்த எண்ணம் இல்லை. இவை எங்கிருந்து வந்தன, எதை அளக்கச் செய்தவை என்று பார்த்தால்தான் எங்கே நம்பலாம், எங்கே கொஞ்சம் நிதானிக்கலாம் என்று தெரியும்.

மனதைக் கேள்வித்தாள் வைத்து அளக்கும் பழக்கம் முதல் உலகப் போர்க் காலத்தில், சிப்பாய்களில் யார் மனம் உடைந்து போவார் என்று முன்கூட்டிப் பிரிக்கும் தேவையிலிருந்து சூடுபிடித்தது. 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட், "முற்றிலும் உடன்படுகிறேன்" தொடங்கிப் படிப்படியாக இறங்கும் பதில் வரிசையை வகுத்தார். இன்று பேங்க் சேவை பற்றிக் கேட்கும் எஸ்.எம்.எஸ். வரைக்கும் அதே வரிசைதான். 1953-இல் ஜேனட் டெய்லரின் பதட்ட அளவுகோல் வந்தது. ஆனால் இவற்றில் எல்லாம் பதட்டம் என்பது ஒரே மூட்டை. வியர்வை, படபடப்பு, பயம், யோசனை எல்லாம் சேர்த்துக் கட்டியது. 1967-இல் லீபர்ட், மாரிஸ் என்ற இருவர் தேர்வு பயத்தை ஆராய்ந்தபோது மூட்டையைப் பிரித்தார்கள்: உடம்பு படும் பாடு ஒன்று, தலைக்குள் ஓடும் கவலை இன்னொன்று. மார்க்கைக் குறைப்பதில் கவலையின் பங்குதான் பெரியது என்று பின்னர் வந்த ஆய்வுகளில் கண்டார்கள்.

கவலையைத் தனிப் பாடமாக எடுத்துக்கொண்டவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கோவெக். அவர் தூக்கமின்மையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். படுத்தும் தூங்க முடியாதவர்களிடம் உடம்பு அலைக்கழிவதைவிட எண்ணம் ஓடுவதுதான் தொந்தரவு என்று பார்த்து, அந்த ஓட்டத்தின் பின்னாலேயே போனார். கவலை பெரும்பாலும் சொற்களாகவே ஓடுகிறது, படங்களாக அல்ல என்பது அவர் வலியுறுத்திய விஷயம். மனதுக்குள் ஒருவர் நம்மிடமே ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார். 1990-இல் அவரது குழு வெளியிட்டதுதான் பென் ஸ்டேட் கவலை வினாத்தாள்: 16 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, ஆகக் குறைந்தது 16, அதிகபட்சம் 80.

இந்தத் தாளைப் படித்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். எதைப் பற்றிக் கவலை என்று அது ஒரு இடத்திலும் கேட்பதில்லை. பணமா, பிள்ளையா, கடனா, கடலா, ஒன்றும் கிடையாது. கவலைப்படக் கூடாது என்று தெரிந்தும் முடியவில்லையா, தொடங்கினால் நிறுத்த முடியவில்லையா, ஒரு வேலை முடிந்ததுமே அடுத்ததைப் பற்றிக் கவலை தொற்றிக்கொள்கிறதா என்றுதான் கேட்கிறது.

எங்கள் தென்னார்க்காட்டுப் பக்கம் மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் ஏற்றத்துக்கும் கவலை என்றுதான் பெயர். வேறு ஊர்களில் கபிலை, கமலை என்பார்கள். பம்புசெட் வந்த பிறகு அந்தச் சொல் பெரியவர்கள் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மாடு சரிவில் முன்னே போகும், தண்ணீர் மொள்ளும் சால் மேலே வரும். மாடு பின்னே வரும், சால் கீழே போகும். நாள் முழுக்க அதே பத்தடி. மனக்கவலைக்கும் இதற்கும் சொல்லின் வேர் ஒன்றா என்பதை மொழி அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். போர்கோவெக்கின் தாளுக்கு மட்டும் இந்த மாடு ரொம்பப் பொருத்தம். எந்தக் கிணறு, எவ்வளவு தண்ணீர் என்று அது கேட்கவில்லை. அவிழ்த்துவிட்டால் மாடு நிற்கிறதா, இல்லை அப்போதும் அதே பத்தடியில் நடக்கிறதா என்று கேட்கிறது.

கிணற்றைக் கேட்கும் தாளும் இருக்கிறது. 1992-இல் டாலிஸ், ஐசெங்க், மேத்யூஸ் ஆகியோர் வெளியிட்டது. 25 கேள்விகள், ஐந்து துறைகள்: உறவுகள், தன்னம்பிக்கைக் குறைவு, இலக்கில்லாத எதிர்காலம், வேலை, பணம். சரி, இதை அப்படியே தேவனாம்பட்டினத்துக்கோ தாழங்குடாவுக்கோ கொண்டுவந்தால்? மகன் கடலுக்குப் போய் இன்னும் திரும்பவில்லை என்பதை எந்தத் துறையில் போடுவது? உறவிலா, வேலையிலா? பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்பது தாய்க்கு உறவு, பணம், எதிர்காலம் மூன்றும்தான். துறை பிரித்துக் கவலைப்படும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

"கவலை" என்ற சொல்லே மொழிபெயர்ப்பில் ஒரு பொறி. ஆங்கிலத்தில் அதற்கு ஈடாக வைக்கும் சொல் பெரும்பாலும் இனி நடக்கப்போவதைப் பற்றியது. தமிழில் அப்படி வேலி இல்லை. துக்கம் நடந்த வீட்டைப் பற்றி "அவங்க கவலையில இருக்காங்க" என்கிறோம். அங்கே நடந்தது நடந்துவிட்டது, அது துயரம். "என்னைப் பத்திக் கவலைப்பட யாரு இருக்கா?" என்று ஒருவர் கேட்டால், கவலை அங்கே அக்கறை. ஆகவே "நான் அதிகம் கவலைப்படுகிறேன்" என்ற வரிக்கு ஒருவர் 5 போட்டால், அது எதிர்காலத்தைப் பற்றிய ஓட்டமா, கணவனை இழந்த துயரமா, பிள்ளைகள் மேல் வைத்த பாசமா என்று தாளுக்குத் தெரியாது. அத்தையிடம் ஒருமுறை "இவ்வளவு கவலைப்படாதீங்க" என்று சொன்னேன். "பெத்தவ கவலைப்படாம பக்கத்து வூட்டுக்காரியா படுவா?" என்றார். கவலையை விட்டுவிட்டால் கடமையை விட்டதுபோல. கவலைப்பட்டால் வரும் தொல்லையைத் தவிர்க்கலாம் என்ற இந்த நம்பிக்கையையே தனியாக அளக்கும் வினாத்தாள்களும் உண்டு. ஏட்ரியன் வெல்ஸ் அந்த வழியில் நிறைய வேலை செய்தவர்.

நான் தமிழில் வினாத்தாள் எழுதுகிறவனாக இருந்தால், "கவலை"யைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு "அதையே நெனச்சு நெனச்சு மனசு ஓடுதா" என்று கேட்பேன். எங்கள் ஊரில் "ஒரே ரோசனையா இருக்கு" என்பார்கள். யோசனை என்ற சொல் ரோசனையாகும்போது, திட்டம் போடுவது போய், தலைக்குள் சுற்றுவது மட்டும் மிஞ்சுகிறது. அளக்க வேண்டியது அதைத்தானே?

மொழிபெயர்ப்பைச் சோதிக்க ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் தமிழாக்குவார்; மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்; இரண்டையும் ஒப்பிடுவார்கள். நல்ல முறைதான். ஆனால் அந்த இருவரும் படித்தவர்கள், இரண்டு மொழியும் தெரிந்தவர்கள். "பல நாட்கள்" அவர்கள் கையில் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். வழுக்குவது பெஞ்சில், அத்தையின் காதில்.

இன்னொரு வழுக்கல் எதிர்மறைக் கூற்றுகள். பென் ஸ்டேட் தாளில் 16-இல் 5 கூற்றுகள் தலைகீழானவை: "நான் எதைப் பற்றியும் கவலைப்படுவதில்லை" என்ற மாதிரி. யோசிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்க அப்படி வைப்பது வழக்கம். தமிழில் "கவலைப்படுவதில்லை, சரியா?" என்று கேட்டால், "ஆமா, இல்ல" என்று ஒரே மூச்சில் பதில் வரும். நாம் பேசும்போது அதில் குழப்பமே இல்லை. 1-ஐச் சுழிக்க வேண்டுமா 5-ஐயா என்று வரும்போதுதான் திண்டாட்டம். இது தமிழுக்கு மட்டும் உள்ள தொல்லையும் இல்லை. புள்ளிவிவரங்களை அலசியவர்கள், அந்த ஐந்தும் தனிக்கூட்டமாகப் பிரிந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறார்கள். கவலை இரண்டு வகை என்பதால் பிரியவில்லை, கேள்வி கேட்ட விதத்தால் பிரிந்தன என்பதே பலரின் கருத்து. பிறகு முதியவர்களுக்காகச் சுருக்கிய 8 கூற்றுத் தாளில் தலைகீழ் கூற்று ஒன்றுகூட இல்லை.

எண்ணுக்கு வருவோம். ஜி.ஏ.டி.-7-இல் 10 என்ற கோடு எப்படி வந்தது? 15 மருத்துவமனைகளுக்கு வந்த 2,740 பேரிடம் தாளைக் கொடுத்தார்கள். அவர்களில் 965 பேரை ஒரு வாரத்துக்குள் மனநல வல்லுநர்கள் தொலைபேசியில் விரிவாகப் பேட்டி கண்டார்கள். 10-ஐக் கோடாக வைத்தால், பொதுப் பதட்டக் கோளாறு (பல விஷயங்களைப் பற்றி மாதக்கணக்கில் ஓயாமல் ஓடும் கவலை) உள்ளவர்களில் 89 சதவீதத்தினரைத் தாள் பிடித்தது. இல்லாதவர்களில் 82 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிட்டது.

கேட்க அருமையாக இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். கடலூர் முதுநகரில் 1,000 பேருக்கு இந்தத் தாளைக் கொடுப்பதாகவும், ஒரு பேச்சுக்கு அவர்களில் 50 பேருக்குக் கோளாறு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். 50-இல் 44 அல்லது 45 பேர் 10-ஐத் தாண்டுவார்கள். மீதி 950 பேரில் 18 சதவீதம், அதாவது 171 பேரும் தாண்டுவார்கள். ஆக, கோட்டைத் தாண்டிய சுமார் 215 பேரில் ஐந்தில் ஒருவருக்குத்தான் உண்மையில் கோளாறு. தாளில் குறை இல்லை. சல்லடை வேலை அவ்வளவுதான்: இவரை உட்காரவைத்துப் பேசுங்கள் என்று சொல்லும். போனில் ஏழு கேள்விக்குத் தட்டிவிட்டு "உங்களுக்கு மிதமான பதட்டக் கோளாறு" என்ற வரியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பென் ஸ்டேட் தாளிலோ கோடே ஒரு இடத்தில் நிற்பதில்லை. யாரிடமிருந்து யாரைப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து 45-லும் வைத்திருக்கிறார்கள், 65-லும் வைத்திருக்கிறார்கள். 60 எடுத்தவர் 30 எடுத்தவரைவிட இரண்டு மடங்கு கவலைப்படுகிறார் என்று யாரும் சொல்ல முடியாது. கூண்டு 10 என்றால் கூண்டு 5-இன் இரட்டிப்பு இல்லையே, அதுபோல.

நம்பகத்தன்மை என்ற கணக்கில் இந்தத் தாள்கள் நல்ல மார்க்கே வாங்குகின்றன. ஜி.ஏ.டி.-7-இன் கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு 0.92. முழு ஒப்புக்கு 1. ஆனால் ஒரே கேள்வியை ஏழு விதமாகக் கேட்டாலும் அந்த எண் ஏறும். தராசு ஒரே மாதிரி காட்டுகிறது என்பது ஒன்று. தட்டில் வைத்தது மீனா ஐஸா என்பது வேறு.

அடுத்து, காரணமுள்ள கவலை. போர்கோவெக் இருந்த அதே பல்கலைக்கழகத்தில் 2020-இல் ஓர் ஆய்வு வெளியானது. பொதுப் பதட்டக் கோளாறு உள்ள 29 பேர் தங்கள் கவலைகளை எழுதிவைத்து, பிறகு எவை பலித்தன என்று சரிபார்த்தார்கள். 91 சதவீதம் பலிக்கவில்லை. 29 பேர் சின்னக் கூட்டம்தான், ஆனாலும் தங்கள் கவலையைத் தாங்களே சோதித்துப் பார்த்தவர்களுக்கு நிவாரணம் கிடைத்திருக்கிறது. எனக்கு இந்த ஆய்வு பிடிக்கும். ஆனால் 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த குப்பத்தில் அமர்ந்து இதைச் சொல்லிப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறி, பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கடந்தது. அது போன பிறகு, மழை விட்டது என்று மூச்சு விடும்போது, சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. மீதி 9 சதவீதம் எங்கே குடியிருக்கிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அதனால் கார்த்திகையில் எடுக்கும் மார்க்கும் மாசியில் எடுக்கும் மார்க்கும் ஒன்றாக இருக்காது. அது நோய் ஏறி இறங்குவதாகாமல், பருவம் மாறுவதாகவும் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் தாளும் பேனாவுமாக வருகிறவர் என்றால் நிவாரணக் கணக்கு எடுக்க வந்தவர் என்றே சனம் நினைக்கும். "தூக்கம் வருதா?" என்று அவர் கேட்டால், வருது என்று சொல்வது நஷ்டமோ என்று ஒரு கணம் தோன்றாதா? பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. கேட்கிறவர் யார் என்பதும் கேள்வியில் ஒரு பாதி.

அன்றைக்கு டாக்டர் அந்த 9-ஐ ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தார். மருமகளையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டு அரை மணி நேரம் அத்தையிடம் பேசினார். தூக்கத்தைப் பற்றிக் கேட்டாராம். ஜி.ஏ.டி.-7-இல் தூக்கத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. மகன் போன் எடுக்காத ராத்திரிகளைப் பற்றிக் கேட்டாராம். மாத்திரை கொடுத்தார். சாயங்காலம் ஒரு அரை மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, மற்ற நேரத்தில் வருவதை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைக்கச் சொன்னார். அதுவும் போர்கோவெக் குழு 1980-களில் சோதித்த வழிதான். அத்தைக்கு அது மாத்திரையைவிடப் பிடித்துப்போனது. "விளக்கு வைக்கிற நேரத்துல உக்காந்து மொத்தமா கவலைப்பட்டுட்டேன்னா, அப்புறம் சீரியல் பாக்கலாம்."

ஆறு வாரம் கழித்து மறுபடி போனோம். அத்தை தூங்குகிறார், படபடப்பு குறைந்திருக்கிறது, முகத்திலும் தெரிந்தது. அதே மாணவி, அதே தாள். இந்த முறை மாணவி "பல நாட்கள்" என்று படிக்கவில்லை. "நாலஞ்சு நாளு" என்று கேட்டார். மருமகள் வரவில்லை. எரிச்சல் பற்றிய கேள்வி வந்ததும் அத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "தெனமும்தான்" என்றார்.

கூட்டிப் பார்த்தால் 10. மாணவி பேனாவை வாயில் வைத்துக்கொண்டு, பழைய 9-ஐயும் புதிய 10-ஐயும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னாச்சு கண்ணு, பாஸா?" என்றார் அத்தை.